இரட்டைக் கோடு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். அங்கே நீ, உன் மனைவி, அம்மா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் கண் கட்டைப் பிரித்தாகிவிட்டதா? சொட்டு மருந்தை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறாளா, இல்லை ‘நேத்துப் போட்டதே இன்னும் கண்ணுல இருக்கு’ என்று உன்னை ஏய்க்கிறாளா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ‘ஆமாக்கா, சரிக்கா’ என்று நாலு தடவை சொல்வாய். ஐந்தாவது தடவை ‘லைன் சரியில்லக்கா’ என்று வைத்துவிடுவாய். என் வேலையில் எழுதாத எதுவும் நடந்ததாகச் சேர்த்தி இல்லை. எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் வேண்டும்.

நாற்பத்தொன்று எங்கள் ஹேங்கருக்கு வந்திருக்கிறது. எங்களுக்கு எந்த விமானமும் கடைசி இரண்டு நம்பர்தான், அது உனக்கு மறந்திருக்காது. அதன் உடல் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு ஏறி உட்காருமே, அந்த லேப் ஓரத்தில் பெயின்டை எடுத்துவிட்டு லென்ஸை வைத்தேன். மேல் தகட்டின் விளிம்பை ஒட்டி, கீழ்த் தகட்டில் கீறல். ஒரு சாண் இரண்டு சாண் இல்லை, பதினோரு அடிக்கு ஓடுகிறது. அதுவும் ஒற்றைக் கோடு இல்லை. மயிரிழை இடைவெளியில் இரண்டு கோடுகள் சேர்ந்தே போகின்றன. தகடுகளின் இடுக்கை அடைத்திருக்கும் பழைய சீலண்டைச் சுரண்டும்போது எவனோ பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பால் இழுத்திருக்கிறான்.

அந்த விமானத்துக்குக் கடைசியாகப் பெயின்ட் உரித்தது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பழைய ஹேங்கரில். உரித்த ஆறு பேரில் நீயும் ஒருவன். என்ன கருவியை வைத்துச் சுரண்டினீர்கள், அதே கருவியை வேறு எந்தெந்த விமானத்தில் போட்டீர்கள், இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். உடனே எழுது.

அம்மாவை மார்ச் மாதம் என்னிடம் அனுப்புவதாகச் சொன்னாயே, தேதியையும் எழுது.

அன்புடன்
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

அம்மாவுக்குக் கண் பளிச்சென்று தெரிகிறது. அதனால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அலமாரி மேல் தூசி, என் காலரில் அழுக்கு, டம்ளரில் கறை என்று பொழுது விடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறாள். நேற்று என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘உனக்கு எப்படா இவ்ளோ நரைச்சுது?’ என்று கேட்டாள். உன் தம்பி மனைவிக்கு இது ஆறாம் மாதம். வாந்தி நின்றிருக்கிறது, கோபம் நிற்கவில்லை.

எனக்கு இங்கே பெயின்ட் ஷாப்பில் சூப்பர்வைசர் நாற்காலி கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. உட்காரத்தான் நேரமில்லை. காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவன் பையையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன். கத்தி, பிளேடு எதுவும் உள்ளே போகக் கூடாது. எனக்கு ‘செக்போஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதில் விழாத மாதிரி இருக்கிறேன்.

அம்மாவுக்கு மார்ச் 6 விமானத்தில் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜன்னலோரம். ‘புதுக் கண்ணால மேகத்தைப் பாக்கணும்’ என்கிறாள்.

நீ கேட்ட விஷயம். பதிவேட்டில் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் என்றுதான் இருக்கும், எடுத்துப் பார். பன்னிரண்டு வருடக் கதை, வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

மாமாவின் முதுகு வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

நலம். மாமாவின் முதுகும் நலம். அம்மாவின் கண்ணுக்கு ஒரு பத்தி, உன் நாற்காலிக்கு ஒரு பத்தி, என் கேள்விக்கு மட்டும் இரண்டு வரி. யாருக்குக் காதில் பூச்சுற்றுகிறாய்?

‘பதிவேட்டில் இருக்கும்’ என்று எழுதியிருக்கிறாய். ‘அதைத்தான் பயன்படுத்தினோம்’ என்று எழுதவில்லை. தகட்டைப் பார்க்கிற கண்தான் இது, உன் வரியையும் பார்க்கும். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் என்று எழுதிக் கீழே கடிகாரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஃபோர்மேனுக்கு நாம் ஏன் அந்தப் பெயர் வைத்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ‘மணி என்னடா, மணி என்னடா’ என்பதைத் தவிர அந்த மனிதர் வாயில் வேறு வார்த்தை வந்ததில்லை.

இப்போது கேள். கீறல் மேல், உள்விரிசலைக் காட்டும் எடி கரண்ட் ப்ரோபை ஓட்டினேன். பேனா அளவுதான் இருக்கும். தகடு நன்றாக இருந்தால் திரையில் பச்சைப் புள்ளி சும்மா கிடக்கும். ஏழாவது ஜன்னலுக்கு மேலே புள்ளி எகிறியது. திரும்ப ஓட்டினேன், திரும்ப எகிறியது. நான்கு அங்குல விரிசல். வெளியில் நின்று பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருந்த இடம் அது. மேலே போகும்போது விமானத்தின் உடல் உள்காற்றால் உப்பும், இறங்கினால் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் கீறல் துளி வாய் திறக்கும். நாளைக்கு ஐந்து தடவை, பன்னிரண்டு வருடம். பெருக்கிப் பார்க்க உனக்குத் தெரியும்.

எங்கள் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? ‘ஒரு வண்டியில எவனோ ஒருத்தன் பண்ண தப்பும்மா. அதுக்காக மத்ததையெல்லாம் நிறுத்தி உரிக்க முடியுமா?’ என்றார். அந்த வருடம் உங்கள் கூட்டம் உரித்தது பதினெட்டு விமானம். பதினெட்டையும் நிறுத்துங்கள் என்றேன். சிரித்தார். உரித்த ஆளே கையெழுத்துப் போட்டு, ‘இந்த இந்த விமானத்தில் இரும்பு பட்டது’ என்று ஒரு தாள் கொடுத்தால் அவர் சிரிக்க முடியாது. அந்தத் தாள் உன்னிடமிருந்து வர வேண்டும். மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மூன்று பேர் எங்கே இருக்கிறார்களோ தெரியாது.

எனக்கு வருகிற ஆத்திரத்தில், உங்களுக்கு அந்த இரும்பைத் தீட்டிக் கொடுத்தவன் எவனோ அவன் கையை முறித்துப் போட வேண்டும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் நினைத்துப் பார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே, நீ மெதுவாகச் சுரண்டுகிறாய் என்று கடிகாரம் உன்னைத் துரத்தப் பார்த்தார். அப்போது தகட்டுப் பட்டறையிலிருந்து ஓடி வந்து உன் வேலையைக் காப்பாற்றியவள் நான். அந்த நன்றிக்காவது வாயைத் திற.

அக்கா


பிப்ரவரி 24

தம்பிக்கு,

மூன்று வாரம் ஆகிறது. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்கிறார். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் மனைவி எடுத்து ‘குளிக்கிறார்’ என்கிறாள். போன வாரம் ஒரே நாளில் மூன்று தடவை குளித்திருக்கிறாய்.

கல்லுளிமங்கா, நீ வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த விமானங்கள் மேலே போய்க் கீழே வருகின்றன. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

அக்கா


மார்ச் 3

மதிப்புக்குரிய ஆய்வாளர் அம்மாவுக்கு,

நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் இப்போது பெரிய ஆய்வாளர். லென்ஸ் வைத்திருக்கிறீர்கள், ‘சரி’ என்று குத்துகிற முத்திரை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்டால் எல்லோரும் கை கட்டிப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஹேங்கரில் எங்களுக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டீர்களா? உரிக்கிற ரசாயனம் கையுறைக்குள் இறங்கி விரல் வெந்து போகும். சீலண்ட் பல வருடத்துப் பழசு, கல்லாகக் கிடக்கும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் பத்து அடிக்கு ஒன்று மழுங்கும். புதிது கேட்டால் கடிகாரம், ‘பல்லால கடிச்சு எடுடா’ என்பார். ஒரு விமானத்துக்கு நாலு நாள்தான். ஐந்தாவது நாள் ஆறு பேரில் ஒருவனுக்கு வேலை இருக்காது. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து அந்த நாலு நாளை எழுதிக் கொடுத்தவர்களிடம் போய்க் கேளுங்கள். என்னையே ஏன் பிடித்து உலுக்குகிறீர்கள்?

இங்கே இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. வீட்டில் ஒருத்தி ஏழு மாத வயிற்றோடு இருக்கிறாள். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மாவை நாளை ரயிலில் அனுப்புகிறேன், ஆறாம் தேதி காலையில் வந்து சேருவாள். கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள் விமானத்தில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை அம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை.

‘நீங்கள்’ போட்டு எழுதியிருந்தாய். கோபம் வந்தால் அப்படி எழுதுவது உனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அதைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் அம்மாவின் காலைப் பார்த்தேன். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்ததில் இரண்டு முழங்காலும் வீங்கி, படி இறங்க முடியாமல் உன் மாமா தூக்கிக்கொண்டு வந்தார். ‘டாக்டர் ஏம்மா விமானம் கூடாதுன்னாரு?’ என்று கேட்டேன். அம்மா முழித்தாள்.

‘யாரு சொன்னா? டாக்டர் தாராளமா போலாம்னாரு. மேகத்தைப் பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னுகூடச் சிரிச்சாரு. இவன்தான் போன் போட்டு யாரையோ, எந்த வண்டி விடறீங்கன்னு கேட்டான். அப்புறம், இருபத்திரண்டா, இருபத்திரண்டேதானான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு வச்சுட்டான். மூஞ்சியில ஈயாடல. அன்னிக்கு சாயந்திரமே போய் டிக்கெட்டை மாத்திட்டு வந்துட்டான்.’

அம்மா இதைச் சொல்லி முடித்தபோது நான் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

ஞாபகம் இல்லை என்று எழுதினாயே, நம்பர் எப்படி ஞாபகம் இருக்கிறது? செக்போஸ்ட், தினமும் பையைத் தடவுகிறவனுக்கு எதைத் தேடித் தடவுகிறோம் என்று தெரியாமலா இருக்கும்? உன் அம்மாவை மட்டும் அந்த விமானத்திலிருந்து இறக்கிவிட்டாய். அம்மாவின் ஜன்னலோர இருக்கையில் அன்றைக்கு யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அது யார்? அவருக்கு ஒரு தம்பி இருந்து, போன் போட்டு நம்பர் கேட்டு, டிக்கெட்டை மாற்றித் தருவானா? நீ செய்ததை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அறியாமல் தப்புச் செய்தவனை மன்னித்துவிடுவேன். அறிந்து, தன் வீட்டு ஆளை மட்டும் கையைப் பிடித்து இறக்கிவிட்டுப் பேசாமல் இருப்பவனை என்ன செய்வது?

இருபத்திரண்டைப் பற்றி மேலாளரிடம் சொன்னேன். ‘உங்கம்மா காதுல விழுந்ததை வச்சு விமானத்தை நிறுத்தச் சொல்றீங்களா?’ என்றார்.

தாள் வரும்வரை எனக்குத் தம்பி இல்லை. அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவள் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

இதோடு தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இரண்டு சாட்சிகளும் போட்டிருக்கிறார்கள். பத்தொன்பது, இருபத்திரண்டு, முப்பத்தாறு, நாற்பத்தொன்று, ஐம்பத்தேழு. இந்த ஐந்தில்தான் இரும்பு பட்டது. ஆறாவது விமானத்துக்கு சீலண்டை இளக்கும் புது மருந்து வந்துவிட்டது, இரும்புக்கு வேலையில்லாமல் போயிற்று.

நீ திட்டியது எல்லாம் சரி. நீ நினைப்பதைவிட மோசம். இரண்டு வருடத்துக்கு முன்னால், சூப்பர்வைசர் ஆனபோது ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். லேப் ஓரத்தில் கத்தி பட்டால் என்ன ஆகும் என்று திரையில் படம் போட்டார்கள். அந்தக் கோடு நாங்கள் இழுத்த கோடேதான். அதுவரை அது வெறும் கீறல் என்றுதான் நினைத்திருந்தேன். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று கடிகாரம் சொல்லியிருந்தார், மறைந்தும் போனது. வகுப்பு முடிந்ததும் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பையைத் தடவ ஆரம்பித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். என் வேலைக்குப் பயந்தேன், உண்மைதான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. பொட்டலத்தில் ஒரு பொருள் வைத்திருக்கிறேன். இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்திவிட்டு அதைப் பிரி.

பார்த்தாயா? ரம்ப பிளேடு. ஒரு பக்கம் கிரைண்டரில் தீட்டியது. பிடிக்கிற இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப். முனையில் இரண்டு பல் முழுசாகத் தேயாமல் மிச்சம் இருக்கிறது, விரலை வைத்துப் பார். உன் இரட்டைக் கோடு அதுதான். கடிகாரம் என்னைத் துரத்தப் பார்த்த அன்று, நீ தகட்டுப் பட்டறையிலிருந்து ஓடி வந்தாய் என்று எழுதியிருந்தாயே, வெறுங்கையோடு வரவில்லை. ‘இதை வச்சு இழுடா, வெண்ணெய் மாதிரி வரும்’ என்று என் கையில் திணித்தாய். மறுநாள் மற்றவர்களும் கேட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஆறு பேருக்கும் நீதான் தீட்டிக் கொடுத்தாய். அடையாளத்துக்கு ஆளுக்கொரு நிறத்தில் டேப் சுற்றினாய். அப்போது நீ ஆய்வாளர் இல்லை, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீ மறந்துவிட்டாய் என்பதை உன் முதல் கடிதத்திலேயே தெரிந்துகொண்டேன். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. தீட்டியவன் கையை முறிக்க வேண்டும் என்று எழுதினாய். அந்த வரியைப் படித்துவிட்டு மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை. தொட்டால் எழுதிவிடுவேன் என்று பயம். உன் முத்திரை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு, உன்னிடமே ஏச்சு வாங்கினேன்.

தாளில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பிளேடு எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. அப்படியே கொடுத்துவிடு. இரும்பை யார் தந்தால் என்ன, இழுத்தது என் கை.

தம்பி


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்ததா, இல்லையா? பதிவுத் தபாலில் அனுப்பினேன், நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. என்னை யாரும் விசாரிக்கவும் கூப்பிடவில்லை. போன் செய்தால் மாமா எடுத்து, ‘அவ குளிக்கறாடா’ என்கிறார். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது, இருமிக்கொண்டே சொல்கிறார்.

கொடுத்தாயா, கொடுக்கவில்லையா? எனக்கு எழுதினாயே, ‘உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்’ என்று. இப்போது யார் கல்லுளிமங்கன்? அம்மா எப்படி இருக்கிறாள் என்றாவது எழுது.

தம்பி


மே 3

தம்பிக்கு,

அம்மா நலம், வீக்கம் வடிந்துவிட்டது. நான் நலமாக இல்லை.

உன் பொட்டலம் ஏப்ரல் 3 வந்தது. நீ சொன்னபடி பாதியில் நிறுத்திவிட்டுத்தான் பிரித்தேன். மேலே படிக்க வேண்டியிருக்கவில்லை, சிவப்பு டேப்பைப் பார்த்ததுமே எல்லாம் வந்துவிட்டது. அந்த மத்தியானம், கிரைண்டர் சத்தம், ஆறு பேரும் வரிசையில் நின்று ‘அக்கா எனக்கு, அக்கா எனக்கு’ என்றது. நான் எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன் என்பதும் ஞாபகம் வந்தது. உன்னைக் காப்பாற்றியதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, எதைக் கொண்டு காப்பாற்றினேன் என்பதை மறந்திருக்கிறேன்.

உன் மாமா படித்துவிட்டு, ‘அவன் பேரு மட்டும் போதும்னு அவனே சொல்றானே, தாளைக் கொடுத்துட்டு பிளேடைக் குப்பையில போடு’ என்றார். கேட்கக் கூசியது. ஆனால் அவரை நான் திட்டவில்லை.

பிளேடைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போனேன். தாளைக் கொடுத்தால் பிளேடைப் பற்றிக் கேட்பார்கள், கேட்டால் எனக்குப் பொய் வராது, அதனால் தாளையும் கொடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள். உன்னை எத்தனை வார்த்தை சொன்னேன். அதையேதான் நானும் செய்தேன், அதுவும் கையெழுத்துப் போட்ட தாளைப் பையில் வைத்துக்கொண்டு. இவ்வளவு நாள் உனக்கு எழுதாததற்கும் இதுதான் காரணம். ‘ஒன்பது நாள்’ என்று எழுதக் கை வரவில்லை.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் இருபத்திரண்டு இங்கே வந்து இறங்கியது. சக்கரம் மாற்றுகிற இடத்தில் எனக்கு ஒரு சின்ன வேலை. முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். பெயின்டில் ஒரு குறை இல்லை. படிக்கட்டை வைத்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். நம் அம்மா வயதுதான் இருக்கும். அவள் கடைசிப் படியை எட்டுவதற்குள் நான் மேலாளர் அறையில் இருந்தேன். தாளையும் பிளேடையும் மேஜை மேல் வைத்து, ‘இதைத் தீட்டினது நான்’ என்றேன். ‘அப்புறம் பேசலாம்மா’ என்றார். ‘ஏத்தினவங்களை இறக்குங்க, அப்புறம் பேசலாம்’ என்று கத்தினேன். அந்த மாடியில் அதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லையாம்.

இறக்கினார்கள். வெயிலில் நிற்க வைத்ததற்கு எல்லோரும் திட்டினார்கள். அந்த அம்மாளும்தான்.

நாற்பத்தொன்று போக, உன் தாளில் இருந்த மற்ற நான்கையும் நிறுத்தி உரித்துப் பார்த்தார்கள். நான்கிலும் இரட்டைக் கோடு. இரண்டில் விரிசல். முப்பத்தாறில் இரண்டு அங்குலம். இருபத்திரண்டில் ஒன்பது அங்குலம், நடுவில் கைநகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. ப்ரோபை ஓட்டியது நான் இல்லை, என் முத்திரையை அன்றே வாங்கிக்கொண்டார்கள். ஓட்டிய பெண் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். 

இப்போது என்னைக் கருவிக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். எந்தக் கருவி யார் கைக்குப் போகிறது என்று எழுதிக்கொள்கிற வேலை. மேலாளர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். தானே கண்டுபிடித்த மாதிரி அறிக்கை எழுதியிருக்கிறார். படித்தபோது கிழித்துப் போடலாம் போலிருந்தது. அடுத்த வாரம் உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எது கேட்டாலும் உள்ளதைச் சொல், என்னைப் பற்றியும்.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ, மாமா, அம்மா மூவரும் நலமாக இருக்க வேண்டும். பதினாலாம் தேதி பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் சுகம். பிறந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறாள், அத்தை ஜாடை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

விசாரணைக்குப் போய்வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். கிழவராகிவிட்டார், நடக்கத் தடி வைத்திருக்கிறார். பதிவேட்டில் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை’ என்றார். எழுந்துபோய் அந்தத் தடியைப் பிடுங்கலாமா என்று இருந்தது. பிறகு, ஜனவரியில் நானும் இதே வார்த்தையைத்தானே எழுதினேன் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நாலு நாளை எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானே சொன்னேன். குறிப்பெழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்காலி போய்விட்டது. பழையபடி உரிக்கிற கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் புது சூப்பர்வைசர் என் பையைத் தடவிப் பார்த்து உள்ளே விடுகிறான். நன்றாகத் தடவச் சொல்லியிருக்கிறேன்.

உன் ஒன்பது நாளுக்காக உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். என்னுடையது இரண்டு வருடம், திட்ட முடியவில்லை. ஆனாலும் அந்த முழங்கால் அம்மாளை நினைத்தால் உன் மேல் கோபம் வருகிறது. என் மேல் வருவது எப்போதும் வருவதுதான்.

பேத்தியைப் பார்க்க அம்மாவை அனுப்பு. எப்படி அனுப்புகிறாய் என்று எழுது. ரயிலென்றால் நான் பாதி வழிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்
தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைக்கும் அவள் அம்மாவுக்கும் எங்கள் ஆசிகள். கத்தட்டும். கத்துகிற பெண்ணை யாரும் அடக்க வேண்டாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிளேடு, உன் இரண்டு வருடம், என் ஒன்பது நாள் எல்லாம். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், விமானத்தில்தான் போவேன், ஜன்னலோரம்தான் வேண்டும் என்றாள். ‘எந்த வண்டி விடறாங்கன்னு கேட்டுட்டு எடுக்கறேம்மா’ என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

‘கூட வர்றவங்களுக்கெல்லாம் யாரு கேட்டுச் சொல்லுவா?’ என்றாள்.

உன் கடிதங்கள் அத்தனையும் படித்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. போய் டிக்கெட் எடுத்தேன். நம்பர் கேட்கவில்லை. நம் ஞாபகத்தை நம்ப முடியாது என்று, அந்தப் பதினெட்டில் மற்ற பதின்மூன்றையும் உரித்துப் பார்க்கச் சொல்லிக் கிடங்கிலிருந்தே தினமும் ஒரு கடிதம் எழுதி மாடிக்கு அனுப்புகிறேன். ஆறாவது கடிதத்துக்குப் பிறகு ஒன்றை உள்ளே இழுத்துவிட்டார்கள். மீதிப் பன்னிரண்டும் வரும்வரை எழுதுவேன், என்னையும் ஒரு கடிகாரம் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

ஜூன் 8, காலை பத்து மணிக்கு அம்மா அங்கே இறங்குவாள். முழங்கால் இன்னும் சரியாகவில்லை, படிக்கட்டின் அடியிலேயே போய் நில். அதுவரை எந்த வண்டி வருகிறது என்று யாரையும் விசாரிக்காதே. எல்லோரையும் போல நீயும் வெறுமனே காத்திரு.

அன்புடன்
அக்கா